கழிக்கத்தக்க செலவுகள்

லுப்லியானாவில் பனி உருகும் வாரம்.
மற்றவர்களுக்கு வசந்தம்,
வரிக் கணக்கு எழுதுகிற எனக்கு முதுகுவலி.

திலேன் ஸுபாஞ்சின் கோப்பு மெலிது.
ஜெர்மனியில் ஒரு கால்பந்துக் குழுவுக்கு
மூன்றாம் கோல்காவலன்.
சென்ற பருவம் முழுக்க
களத்தில் நின்ற நேரம்: பூஜ்யம்.
வருமானம்: ஏழு இலக்கம்.
புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டேனோ என்று
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினேன்.
ஏழுதான்.

லெங்கா ஹ்ரோவாதினின் கோப்பு
ரப்பர் வளையத்துக்குள் அடங்காது.
பசை, கண்ணாடி இழை, டீசல்,
ஒடிந்த துடுப்பு,
அதற்குப் பதில் வாங்கி அதுவும் ஒடிந்த துடுப்பு.
உலகப் போட்டியில் மூன்றாம் இடம்.
பரிசுப்பணத்தில்
வேனின் பின்சக்கரம் இரண்டையும் மாற்றியிருக்கிறாள்.
வாரத்தில் நான்கு நாள் பெயின்ட் கடை.

ஒரு ஞாயிறு தாட்ஸெனுக்குப் போனேன்,
இத்தனை பசை எங்கே போகிறது என்று பார்க்க.
அணை தாண்டி சாவா ஆறு
தலைகுப்புற விழுகிற இடம்.
கம்பியில் தொங்கும் கழிகள்:
பச்சைக்குள் நீரோடு போக வேண்டும்
சிவப்புக்குள் நீரை எதிர்த்து ஏற வேண்டும்.
கழி உரசினால் இரண்டு வினாடி அபராதம்,
வாயில் தவறினால் ஐம்பது.
அவள் இடுப்பை ஒடித்து
அலையின் பிடரியில் துடுப்பை ஊன்றித்
திரும்பினாள்.
தோளுக்கும் கழிக்கும் நடுவே
என் ரசீது ஒன்று நுழையலாம், மடிக்காமல்.
கரையில் பதினொரு பேர்.
அதில் ஒருவர் நாயோடு நடக்க வந்தவர்.

திரும்பும் பேருந்தில் ஒரு விடை கிடைத்தது:
கைகளுக்கு அல்ல கூலி, கண்களுக்கு.
அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கில்
பெஞ்சில் இருப்பவன் மடியிலும்
கொஞ்சம் சிந்துகிறது.
சிந்தியதே ஏழு இலக்கம்.
விடை எனக்குப் பிடித்திருந்தது
வியாழக்கிழமை வரை.

வியாழன் இருவருக்கும் ஒரே நேரம் கொடுத்துவிட்டேன்.
நகல் இயந்திரம் சூடாகிக்கொண்டிருந்தது.
லெங்கா கேட்டாள்,
வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதுபோல்:
“உட்காருவதற்கா அவ்வளவும்?”

அவன் இடது கையை நீட்டினான்.
சுண்டுவிரல் வேறு ஊரைப் பார்த்தது.
“தினமும் இருநூறு பந்து.
பெரிய பெயர்கள் அடித்ததையெல்லாம் தடுத்திருக்கிறேன்
பூட்டிய மைதானத்தில்.
ஆறு வருஷம்.
உள்ளே போ என்றால் கால் நடுங்குமா?
இன்னும் தெரியாது.
தெரியாமலே முடியலாம்.”

“எனக்கு நடுங்கும்” என்றாள்.
“பதினேழாம் வாயிலில். ஒவ்வொரு தடவையும்.”

அவன் முகத்தில் பொறாமை கண்டேன்.
வாசலில் நின்ற அவன் காரைப் பார்த்தபோது
அவள் முகத்திலும்.
இரண்டையும் எதிரெதிரே எழுதினாலும்
ஏடு சமனாகாது:
வீட்டுக்காரர் வாடகையைப்
பொறாமையில் வாங்குவதில்லை.

நான்கு இலக்கப் பத்தியை
விரல் மடக்காமல் கூட்டுவேன் நான்.
எவரும் டிக்கெட் வாங்கிப் பார்த்ததில்லை.
அதைச் சொல்லவில்லை.
நகல் வந்தது, கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூனில் பதில் வந்தது.
அவனுடைய ஆட்டநாள் கையுறை பன்னிரண்டு ஜோடி,
உறை பிரிக்காதவை:
முழுத்தொகையும் கழிக்க அனுமதி.
அவளுடைய இரண்டாம் துடுப்புக்கு மட்டும்
சான்று வேண்டுமாம்,
உடைந்த துண்டின் புகைப்படம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தேன்.
நீளம், எடை, விலை, ஒடிந்த தேதி.
துண்டு நீரோடு போய்விட்டது, ஐயா,
இந்நேரம் பெல்கிரேடு தாண்டி
டான்யூபில் இருக்கும்,
கருங்கடல் அலுவலகத்தில் விசாரிக்கவும்
என்று எழுதி,
கடைசி வரியை அடித்துவிட்டு
அனுப்பினேன்.